ஃபேட் பர்னர் மாத்திரை வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கொழுப்பைக் கரைத்து எடை குறைக்கும் என்று விற்கும் இந்த மாத்திரைகள் வேலை செய்யுமா, செய்யாதா?

லேபிளில் எழுதியிருப்பது மட்டுமே உள்ளே இருந்தால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம். வீட்டுத் தராசு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று காட்டும் வித்தியாசத்துக்குள்ளேயே அது கரைந்துபோகும். மாதம் ஐந்தாறு கிலோ கிடுகிடுவென்று இறங்குகிறதா? அப்படியானால் லேபிளில் எழுதாத மருந்து ஏதோ கலந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். "வேலை செய்கிறது" என்பதே இந்தச் சரக்கில் எச்சரிக்கை மணி.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

கடையில் நூறு பெயர் இருந்தாலும் உள்ளே திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுப் பொருள்தான்.

காஃபின் உண்மையிலேயே உடலின் எரிசக்திச் செலவைக் கொஞ்சம் கூட்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100 மில்லிகிராம் வீதம் ஒரு நாளில் ஆறு முறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒல்லியானவர்கள் கூடுதலாக எரித்தது சுமார் 150 கிலோகலோரி. முன்பு பருமனாக இருந்து எடை குறைத்தவர்கள் எரித்தது சுமார் 79 மட்டுமே. அதாவது, யாருக்கு இது தேவையோ அவர்களுக்குத்தான் பாதிப் பலன். அந்த 79ஐ அரை கிளாஸ் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஈடுகட்டிவிடும். 600 மில்லிகிராம் காஃபினோ, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் 400 மில்லிகிராமைத் தாண்டியது.

கிரீன் டீ சாற்றுக்கு விளம்பரம் அதிகம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாய்வு, ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி வித்தியாசம் 0.04 கிலோ, அதாவது 40 கிராம். குடிக்கும் கிரீன் டீயால் கெடுதல் இல்லை. செறிவூட்டிய சாற்று மாத்திரைதான் கல்லீரல் விவகாரம். அது கீழே தனியாக வருகிறது.

கார்சினியா கம்போஜியா என்பது கேரள மீன்குழம்பில் போடும் குடம்புளி. பினாங்கு அசாம் லக்சாவுக்குப் புளிப்பு தரும் அசாம் கெப்பிங் அதன் பங்காளி மரம். இதிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் எலிகளில் கொழுப்பு உருவாவதைத் தடுத்தது உண்மை. மனிதர்களிடம் 1998இல் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். நாளுக்கு 1,500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு 3.2 கிலோ குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ. இரு தரப்பும் ஒரே உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள், குறைந்தது அதனால்தான். லக்சாவில் கிடக்கும் நாலு துண்டு அசாமைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செறிவூட்டிய மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களின் மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் இருக்கின்றன.

குளுக்கோமன்னான், கொன்யாக் கிழங்கின் நார். வயிற்றில் ஊதிப் பசியைக் குறைக்கும். கலோரி குறைத்த உணவோடு நாளுக்கு 3 கிராம், அதாவது சாப்பாட்டுக்கு முன் 1 கிராம் வீதம் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஒன்றிரண்டு கிளாஸ் தண்ணீருடன் என்றால் ஐரோப்பாவில் எடைக் குறைப்புக்கு உதவும் என்று விளம்பரம் செய்ய அனுமதி உண்டு. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கிடைத்தால் ஒரு கிலோவுக்குள். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். படுக்கப் போகும் நேரத்தில் விழுங்கக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஜிம் பக்கம் விற்கும் எல்-கார்னிடினுக்கு ஆய்வுகளின் சராசரி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமிலம், குரோமியம் இரண்டும் அதற்கும் கீழே. ராஸ்பெரி கீட்டோனைத் தனியாக மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்த ஆய்வே கிடையாது. ஆப்பிள் சைடர் வினிகருக்குப் பெரிய பேர் வாங்கித் தந்த 2024ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை, தரவுகளில் கோளாறு என்று அதை வெளியிட்ட இதழே 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று கணக்கு போடுங்கள். கைபேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

முதலாவது, மொத்தக் காஃபின். "ஒரு வேளைக்கு இரண்டு கேப்சூல், காஃபின் 200 மி.கி." என்று போட்டிருக்கும். இரண்டு வரி தள்ளி "குவாரானா சாறு 300 மி.கி., 22% காஃபின்" என்று இன்னொன்று இருக்கும். அதில் 66 மில்லிகிராம். ஆக ஒரு வேளைக்கு 266. நாளுக்கு இரண்டு வேளை என்றால் 532, வரம்பு அங்கேயே தாண்டியாகிவிட்டது. காலையில் கோப்பித்தியாமில் (காப்பிக் கடையில்) குடித்த கோப்பி ஓ இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. குவாரானா, கிரீன் காபி, யெர்பா மாத்தே, கோலா நட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது காஃபின்தான். கர்ப்பிணிகளுக்கு வரம்பு 200 மில்லிகிராம். ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது என்பதால் அவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

இரண்டாவது, ஈ.ஜி.சி.ஜி. என்ற கிரீன் டீப் பொருள். "கிரீன் டீ சாறு 500 மி.கி., 45% ஈ.ஜி.சி.ஜி." என்றால் ஒரு கேப்சூலில் 225. நாளுக்கு நான்கு என்றால் 900. சப்ளிமென்டாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும்போது கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கணித்தது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இன்னும் அதிகமாக ரத்தத்தில் ஏறும். "காலையில் வெறும் வயிற்றில்" என்று ஏஜென்ட் சொல்லித் தருவது அங்கேதான் வினையாகிறது.

மூன்றாவது, "தனியுரிமைக் கலவை 1,200 மி.கி." என்று ஒரே எண்ணைப் போட்டுக் கீழே பத்துப் பெயரை அடுக்கியிருந்தால் முதல் இரண்டு கணக்கையும் போட முடியாது. அந்த டின்னை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

எம்.ஏ.எல். நம்பர் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

எம்.ஏ.எல். நம்பர் என்பது மலேசியச் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ. தரும் பதிவு எண். மூன்று ஆங்கில எழுத்து, எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. கடைசி எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் ஹெல்த் சப்ளிமென்ட், 'எக்ஸ்' என்றால் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய மருந்து, 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

'டி', 'என்' இரண்டிலும் அமைச்சு பார்ப்பது தரமும் பாதுகாப்பும்: கன உலோகம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, கலப்படம் இருக்கிறதா என்று. எடை குறையும் என்பதற்கு மருந்துக்குக் கேட்பது போன்ற ஆதாரம் கேட்பதில்லை. பாரம்பரிய மருந்தின் லேபிளில் "பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுகிறது" என்ற தொனியில் எழுதியிருப்பது அதனால்தான். நம்பர் இருப்பது நல்லது. இல்லாததைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் அது பலனுக்கு உத்தரவாதம் அல்ல.

சரிபார்ப்பது இப்படி. என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் பொருள் தேடும் பகுதிக்குப் போய் நம்பரைத் தட்டுங்கள். வரும் பெயரும் பதிவு வைத்திருக்கும் நிறுவனமும் உங்கள் கையில் உள்ள பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இருமல் மருந்தின் நம்பரைத் திருடி மெலிவு மாத்திரையில் அச்சிடும் வேலை நடக்கிறது. பதிவு "ரத்து" என்று காட்டினாலும் வேண்டாம். பதிவுக்குப் பிறகு கலப்படம் கண்டுபிடித்து ரத்து செய்த பெயர்களை அமைச்சு அவ்வப்போது அறிவிக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பளபளக்கும் ஹோலோகிராம் வில்லையையும் பாருங்கள்.

'என்.ஓ.டி.' என்று தொடங்கி 'கே' என்று முடிந்தால் அது அழகுசாதனப் பொருளுக்கான அறிவிப்பு எண். தோலில் பூசுவதற்குத் தருவது. விழுங்கும் பொருளில் அந்த எண் இருந்தால் விற்பவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஸ்லிம்மிங் காப்பிக்கு எம்.ஏ.எல். நம்பரே இல்லை. அது எப்படி விற்பனைக்கு வருகிறது?

காப்பி, கோக்கோ, பழச்சாற்றுத் தூள் எல்லாம் உணவு என்ற கணக்கில் வரும். உணவுக்கு மருந்துப் பதிவு தேவையில்லை. அதே காரணத்தால் "எடை குறைக்கும், கொழுப்பு கரைக்கும்" என்று மருந்துபோல உரிமை கொண்டாடவும் கூடாது. இந்த இடைவெளிதான் கலப்படக்காரர்களுக்கு வசதி. பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) டிக்டாக்கிலும் விற்கும் மூன்று-இன்-ஒன் பாக்கெட்டுகள் மாட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் அகப்படுவது சிபுட்ரமின்.

சிபுட்ரமின் என்ன செய்யும்?

மூளையில் பசியை அடக்கும். ஒரு காலத்தில் டாக்டர் எழுதித் தந்த மருந்துதான். வழக்கமான அளவு நாளுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இதய நோயோ நீரிழிவோ உள்ள சுமார் 9,800 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கு வந்தன, சிபுட்ரமின் சாப்பிட்டவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு வந்தன. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. மலேசியாவிலும் அதே ஆண்டிலிருந்து தடை.

அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, அளந்து கொடுத்தார்கள். காப்பிப் பாக்கெட்டில் அளப்பவர் யாரும் இல்லை. ஒரு பாக்கெட்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு இருக்கும். வாங்குகிறவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று கேட்பாரும் இல்லை. மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் வகை மாத்திரையோ வலிக்கு டிராமடாலோ சாப்பிடுகிறவர்களுக்கு இது சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு கடந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆளையே சாய்க்கும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை எச்சரித்த கலப்பட சப்ளிமென்டுகளை ஒரு கட்டுரை தொகுத்தது. எடைக் குறைப்புக்கு விற்ற 317 பொருள்களில் 269இல் இருந்தது சிபுட்ரமின்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

இல்லை. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. ஆய்வகத்தில் கருவி வைத்துத்தான் பிரித்துப் பார்க்க முடியும். ஆனால் உடம்பு சில தடயம் தரும். சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்று தோன்றுவது, வாய் வறட்சி, மலச்சிக்கல், இரவெல்லாம் கண் விழித்திருப்பது, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் சிபுட்ரமின் போன்ற ஒன்றைச் சந்தேகிக்கலாம். வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனால் மலமிளக்கி. கூடவே சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் ஃபினால்ஃப்தலின் ஆக இருக்கலாம். அது புற்றுநோய் அச்சத்தால் பல நாடுகளில் கைவிடப்பட்ட பழைய பேதி மருந்து.

அண்டை நாட்டுப் பாடமும் ஒன்று உண்டு. 2002இல் சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்ற மாத்திரையில் நைட்ரோசோ-ஃபென்ஃப்ளுரமின் என்ற, பெயரே கேள்விப்படாத வேதிப்பொருள் கலந்திருந்தது. கல்லீரல் செயலிழந்து உறுப்பு மாற்று சிகிச்சை வரை போனது. தெரிந்த மருந்தின் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் வழக்கமான சோதனையில் சிக்காது என்பதே கலப்படக்காரரின் கணக்கு. அப்படி மாற்றிய பொருளை எந்த மனிதரிடமும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

தாய்லாந்தின் ஹாட்யாய் போய் வந்தவர் வண்ண வண்ண மாத்திரை செட் வாங்கி வந்தார். காலை, மதியம், இரவு என்று பொட்டலமாகப் பிரித்து இருக்கிறது. அதுவும் சப்ளிமென்ட்தானே?

அது சப்ளிமென்டே இல்லை. இப்படிப்பட்ட செட்டுகளில் உலகமெங்கும் அகப்படுவது முழுக்க முழுக்க மருந்துகள்: பசியடக்கி, தைராய்டு ஹார்மோன், சிறுநீர் பெருக்கி, மலமிளக்கி, மனச்சோர்வு மாத்திரை. இவற்றால் படபடப்பு வருமே என்று அதை மறைக்க, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர். தூக்கம் கெடுமே என்று டயஸெபம் வகைத் தூக்க மருந்து. கடைசி இரண்டும்தான் நரித்தனம். இதயம் தடுமாறுவதை உங்களுக்குத் தெரியாமல் மூடி வைக்கின்றன.

சிறுநீர் பெருக்கியும் பேதி மருந்தும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். தைராய்டு ஹார்மோன் இதயத்தை விரட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இதயத் துடிப்பு தறிகெடும். நல்ல ஆரோக்கியமான இருபத்தைந்து வயதுக்காரரும் விழலாம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு, குறிப்பாக டயஸெபமும் பீட்டா பிளாக்கரும் பல வாரம் உள்ளே போயிருந்தால். செட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இணையத்தில் மஞ்சள் தூளாகவோ கேப்சூலாகவோ விற்கும் டி.என்.பி. (டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருள்) இன்னொரு ரகம். உண்மையிலேயே கொழுப்பை எரிக்கும்; உடல் சூட்டை ஏற்றியே எரிக்கும். அமெரிக்காவில் 1938லேயே நிறுத்தப்பட்டது. இந்த நச்சை முறிக்கும் மருந்து கிடையாது. சூடு ஏறத் தொடங்கிவிட்டால் மருத்துவமனையில் ஐஸ் வைத்துக் குளிர்விப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்துவிட்டதே, அது பொய்யா?

தராசு பொய் சொல்லவில்லை. குறைந்தது தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் அது தீரும், தண்ணீரும் கூடவே போகும். பேதியாக்கும் செனா இலை சேர்த்த ஸ்லிம்மிங் டீ என்றால் குடலில் உள்ளதும் போகும். ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கிலோகலோரி. ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு போக வேண்டுமானால் நாளுக்கு 3,300 கிலோகலோரி பற்றாக்குறை வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு நாளில் மொத்தமாகச் செலவழிப்பதே அவ்வளவு இல்லை.

செனா டீயைத் தொடர்ந்து குடித்தால் குடல் சோம்பிப்போய், அது இல்லாமல் வேலை செய்ய மறுக்கும்.

எனக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. எதைச் சாப்பிடலாம்?

எதையும் வேண்டாம். கிளிக்லாசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, பசியடக்கியால் சாப்பாட்டையும் விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், மயக்கம். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காஃபினும் கசப்பு ஆரஞ்சிலுள்ள சினெஃப்ரின் என்ற ஊக்கியும் எதிர்வேலை செய்யும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கிரீன் டீ சாற்றைத் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரையோடு குளுக்கோமன்னானை விழுங்கினால் மாத்திரை உறிஞ்சப்படுவது கெடும். நார்ப்பொருள் எதுவானாலும் மருந்திலிருந்து சில மணி நேரம் தள்ளியே. வலிப்பு, மனநல மருந்து, ஹெபடைடிஸ், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதே வரிசையில்தான்.

ஹலால் முத்திரை இருக்கிறது. மாட்டிறைச்சி சாப்பிடாத நாங்கள் விழுங்கலாமா?

ஹலால் முத்திரை பன்றி ஜெலட்டின் இல்லை என்றுதான் சொல்கிறது. கேப்சூல் ஓடு மாட்டு ஜெலட்டினாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, மெத்தென்றிருக்கும் சி.எல்.ஏ. கேப்சூல்கள் பெரும்பாலும் ஜெலட்டின்தான். பொருள் பட்டியலின் கடைசி வரியில் "ஜெலட்டின் (போவைன்)" என்றிருந்தால் மாடு. "எச்.பி.எம்.சி." அல்லது "காய்கறி கேப்சூல்" என்றிருந்தால் தாவரம். எதுவும் எழுதாவிட்டால் மருந்தகத்தில் ஃபார்மசிஸ்ட்டிடம் கேளுங்கள். மலேசியாவில் பதிவான பொருளில் விலங்கு மூலம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது பயப்பட வேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், உடம்பு கொதிப்பது: 999ஐ அழையுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையோ பினாங்கு மருத்துவமனையோ, எது பக்கமோ அதன் அவசரப் பிரிவு. மாத்திரை டின்னையும் மீதிக் காப்பிப் பாக்கெட்டையும் கூடவே கொண்டுபோங்கள். "ஏதோ மூலிகை" என்று சொன்னால் டாக்டர் எதைத் தேடுவார்?

கண் மஞ்சளாவது, சிறுநீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போவது, உடம்பு அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத அசதி: இவை கல்லீரல். மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றோ மறுநாளோ ரத்தப் பரிசோதனை. கிளினிக்கில் "லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்" என்று கேளுங்கள். ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு வழக்கத்தின் மூன்று மடங்கைத் தாண்டி அறிகுறியும் இருந்தால் அது காத்திருந்து பார்க்கும் விஷயமல்ல. கிரீன் டீ, கார்சினியா இரண்டிலும் கல்லீரல் கெட்டவர்களில் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை அதிகம் காணப்படுகிறது. அது யாருக்கு இருக்கிறது என்று யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. "என் தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் அதனால் செல்லாது.

குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால், அல்லது என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாவிட்டால், பினாங்கு மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம்: 1-800-88-8099.

நான் ஏஜென்டாக வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு விற்கிறேன். எனக்குப் பிரச்சினை வருமா?

வரும். பதிவில்லாத மருந்துப் பொருளை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும் 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் குற்றம். தனி நபருக்கு முதல் முறை 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "கம்பெனி சொன்னதைத்தான் விற்றேன்" என்பது எடுபடாது. பதிவான பொருளுக்கே விளம்பரம் செய்ய, சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியம் தரும் கே.கே.எல்.ஐ.யு. அனுமதி எண் வேண்டும். முன்-பின் படம் போட்டு "14 நாளில் 8 கிலோ" என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் யாரிடமும் அந்த எண் இருக்காது.

ஓசெம்பிக் ஊசி பற்றி என்ன சொல்கிறீர்கள்?

அது சப்ளிமென்ட் வரிசையில் வராது, உண்மையான மருந்து. அதிலுள்ள செமக்ளூடைடை வாரம் 2.4 மில்லிகிராம் வீதம் 68 வாரம் கொடுத்த ஆய்வில் (2021) சராசரி எடைக் குறைவு 14.9 விழுக்காடு, வெற்று ஊசிக்கு 2.4. குமட்டல், வாந்தி சகஜம். நிறுத்தினால் எடை பெருமளவு திரும்பும். டாக்டர் சீட்டு இல்லாமல், பெட்டியில்லாத பேனாவாக, ஐஸ் இல்லாத பார்சலாக வந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்லிஸ்டாட்டும் நிஜ மருந்துதான். சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் 30 விழுக்காட்டை உறிஞ்ச விடாது. கூவா பஞ்சிராக (குழம்பு மிதக்க) நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டால் எண்ணெய் உள்ளாடையில் கசியும். படுக்கும் முன் ஒரு மல்டிவைட்டமினும் தேவைப்படும்.

சரி, அந்தக் காசுக்கு என்னதான் செய்வது?

மாதம் 150, 200 வெள்ளி மாத்திரைக்குப் போகிறதென்றால் அதில் ஒரு நல்ல தராசும் ஒரு இஞ்ச் டேப்பும் வாங்கலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்களுக்கு 80க்குக் கீழே; ஆசியர்களுக்கு இதுதான் அளவு. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, வாரம் ஒரே நாள், எடை பாருங்கள்.

பானத்தில் தொடங்குவது எளிது. சீனியும் டின் பாலும் சேர்ந்த ஒரு கிளாஸ் தே தாரிக் 150 முதல் 200 கிலோகலோரி. நாளுக்கு மூன்று குடிப்பவர் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறினாலே 450க்கு மேல் மிச்சம். மேலே சொன்ன எந்த மாத்திரையும் இதன் பக்கத்தில் வராது. "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொன்னால் சீனிதான் குறையும். டின் பால் அப்படியே இருக்கும், அதிலேயே சர்க்கரை உண்டு. ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300. இரண்டு ரொட்டிக்குப் பதில் ஒரு தோசை எடுத்து, சாம்பாரை அதிகம் கேளுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும் என்று அமைச்சு சொல்லும் சுக்கு-சுக்கு-செபாரோ முறை வாழை இலைச் சாப்பாட்டிலும் நடக்கும், சோற்றை இரண்டாவது முறை போட வரும்போது கையைக் குறுக்கே நீட்டினால் போதும்.

நடையை மட்டும் நம்ப வேண்டாம். பத்துமலையின் 272 படி ஏறுவதற்குச் செலவாவது சுமார் 40 கிலோகலோரிதான். ஆனால் குறைத்த எடை திரும்பாமல் இருக்க நடை தேவை. பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் உள்ள தாவரவியல் பூங்கா போன்ற இடத்தில் வாரம் 150 நிமிடம். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இந்த 150 நிமிடத்தையும் 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் இலக்காக வைத்தது. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோ. நாளுக்கு 500 கிலோகலோரி பற்றாக்குறை வைத்தால் மூன்று மாதத்தில் எட்டக்கூடிய தூரம்; இடையில் தீபாவளி வந்தால் நாலு மாதம்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கலாம். பல கிளினிக்குகளில் உணவியல் நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீதமிருக்கும் மாத்திரையை என்ன செய்வது?

உடம்புக்கு ஏதாவது செய்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பெட்டி, பேட்ச் எண் தெரியும் படம், வாங்கிய ரசீது அல்லது ஆர்டர் ஸ்கிரீன்ஷாட், விற்றவரின் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் பயனீட்டாளர்களுக்கென்றே பக்கவிளைவுப் படிவம் இருக்கிறது, நிரப்பப் பத்து நிமிடம். ஃபார்மசிஸ்ட் மூலமாகவும் அனுப்பலாம். கலப்படச் சந்தேகம் என்றால் சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவு; பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் கொடுக்கலாம். ஒன்றும் ஆகாமல் வெறுமனே மீந்திருந்தால் கழிப்பறையில் கொட்டாமல் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்; பழைய மருந்துகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. பக்கத்து வீட்டு அக்கா கேட்டார் என்று கொடுத்துவிடாதீர்கள். அவருக்குக் கொதிப்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கலாம்.